பெஞ்சு எங்கே கிடக்கிறது

வழக்கு ஜெயித்தால் மற்ற வக்கீல்கள் அடுத்த கேஸ் கட்டைப் பிரிப்பார்கள். படிக்கத் திணறும் பிள்ளைகளுக்காகவே வாதாடும் நாகர்கோவில் வக்கீல் குளோரிக்கோ அதன் பிறகுதான் இருப்புக்கொள்ளாது. 2011இல் அஜிஷா என்ற சிறுமியைச் சேர்க்க மறுத்த பள்ளிக்கு எதிராகக் கோர்ட்டில் உத்தரவு வாங்கினார். மறுவாரம் போய்ப் பார்த்தால், பிள்ளை வராந்தாவில் தனியாக ஒரு பெஞ்சில் இருந்தது.

"சேக்கச் சொன்னாவ, சேத்தாச்சு. வகுப்புக்குள்ளன்னு உத்தரவுல உண்டா?" என்றார் தலைமையாசிரியர்.

குளோரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி கோர்ட்டுக்கு ஓடி, 'வகுப்புக்குள்' என்ற சொல்லையும் வாங்கினார். அப்போதும் மனசு கேட்காமல் பள்ளிக்குப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கடைசி மூலையில் அதே பெஞ்சு, அதே பிள்ளை, தனியாக.

"பெஞ்சு உள்ளதான கெடக்கு வக்கீலம்மா, இனியும் என்ன வேணும்?" என்று சலித்துக்கொண்டார் டீச்சர்.

"அதுல இன்னொரு பிள்ளை இருக்கணும்."