அண்ணன் இறங்கிய வயல்

என்ஜின் நின்றதும் சூழ்ந்த அந்த அமைதியை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டில் மின்விசிறி நின்றால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. பட்டாபிராமுக்கு அப்பால் இருந்த சின்ன ஓடுதளத்தில் என் அண்ணன் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்தார். நான் கல்லூரி முடித்த சமயம், இருவர் மட்டுமே உட்காரக்கூடிய பயிற்சி விமானத்தில் என்னை ஒருநாள் ஏற்றிக்கொண்டார். தரையை விட்டு எழும்பி, ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் எந்தப் பக்கம் என்று நான் தேடத் தொடங்குவதற்குள் என்ஜின் நின்றுபோனது.

ஓடுதளம் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. "திரும்புண்ணா, திரும்பு" என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவே இல்லை. விமானத்தின் மூக்கைக் கீழே சாய்த்து, எதிரே இருந்த அறுத்த வயலை நோக்கி நேராகப் போனார். அவ்வளவு தாழ்வில் திரும்பினால் விமானம் வேகம் இழந்து கல்லாக விழும். ஓடுதளம் பக்கத்தில்தானே என்ற ஆசையில் திரும்பிச் செத்தவர்கள் உண்டு. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. வரப்பில் இடித்து முன்சக்கரம் ஒடிந்தது, எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிதானமாக நடந்து வந்து, "இன்னா சார், எறக்க வேற எடமே கெடைக்கலியா?" என்றார். அண்ணன் சிரித்தார். சிரித்தபடி வரப்பில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இருந்தும் சீக்கிரமே பறக்கத் தொடங்கிவிட்டார். கிளம்புமுன், "என்ஜின் நின்னா எங்க எறங்குவ?" என்று மாணவர்களைக் கேட்பது அவர் வழக்கம். நாங்கள் இறங்கிய வயலைக் கைகாட்டினால்தான் விமானம் நகரும். பிறகு அந்த வயலில் பாதி மனைகளாகி அடுக்குமாடி எழுந்தது. அதை ஒட்டி மிஞ்சிய காலி இடத்தை மாணவர்கள் காட்டினார்கள்.

கல்யாணமாகி நானும் கணவரும் வீடு தேடி அலைந்தபோது, அந்த அடுக்குமாடியைத் தவிர வேறெதையும் பார்க்க மறுத்தேன். உயிரைத் திருப்பிக் கொடுத்த மண், இதைவிட ராசியான இடம் எங்கே கிடைக்கும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அண்ணனிடம் இடத்தைச் சொல்லவில்லை. நேரில் பார்த்து அவர் பூரிக்க வேண்டும் என்று ஆசை.

கிரகப்பிரவேசத்தன்று பால் காய்ச்சியதும் அவர் பால்கனிக்குப் போனார். ஓடுதளம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

"வீடு நல்லா இருக்கு பாப்பா. நான் இந்த மாசத்தோட நின்னுக்கறேன்."

"ஏண்ணா?"

"நேரா போய் எறங்குடான்னு பசங்களுக்குச் சொல்லித் தரேன். நேரா நீ இருக்க. இனிமே நான் திரும்பிடுவேன்."

மாதக் கடைசிவரைகூட அவர் பொறுக்கவில்லை, மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். காலையில் இப்போதும் அந்தச் சின்ன விமானங்கள் இந்தப் பக்கமாகத்தான் எழும்புகின்றன. ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை, அதனால் திரும்ப மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு, சத்தம் ஓயும்வரை பால்கனியிலேயே நிற்கிறேன்.