குவெயில் அவென்யூ மசோதா

ரெனே வோல்மர் எப்படிப் பாடம் நடத்துவாள் என்று ஊரில் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள்தான். அயோவாவின் வடக்கு மூலையில், தானியக் கிடங்கும் இரண்டு தேவாலயங்களும் ஒரு பெட்ரோல் பங்கும் இருக்கிற அந்த ஊரின் உயர்நிலைப் பள்ளியில், கடைசி வகுப்புக்கு அரசாங்கப் பாடம் அவள் பொறுப்பு. புத்தகத்தை அவள் அதிகம் திறந்ததில்லை. முதல் வாரம் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, பேப்பர் கிளிப்பைக் கைமாற்றி முன்னால் கொண்டுவரச் சொல்வாள். எந்த வரிசை முதலில் முடிக்கிறதோ அதுதான் ஜெயித்தது. பாதியில், நீலச்சட்டை போட்டவர்கள் இருக்கும் வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பாள். அடுத்த நிமிடம், இடதுகைக்காரர் இருக்கும் வரிசை ஏற்கெனவே ஜெயித்துவிட்டது என்பாள். பிள்ளைகள் கொதித்துப்போய்க் கத்துவார்கள். கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, "சரி, அப்ப சட்டத்த நீங்களே எழுதுங்க" என்று சாக்பீஸை நீட்டுவாள்.

பிறகு வகுப்பே நாடாளுமன்றமாகும். ஒருவன் சபாநாயகர், ஒருத்தி அதிபர், மற்றவர்கள் உறுப்பினர்கள். அது பிள்ளைகளுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு, அவள் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பரே சாட்சி. சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே, "மிஸஸ் வி, அதிபரா இருந்த டாரின்தான் என் மசோதாவ வீட்டோ பண்ணான். இன்னிக்கு வரைக்கும் அவன்கிட்ட நான் முகம் குடுத்துப் பேசறதில்ல" என்றான். அவனுக்கு அப்போது நாற்பது வயது. ரெனேயின் கணவர் கர்ட் அதைக் கேட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கர்ட் டிராக்டர் மெக்கானிக். அந்தச் செப்டம்பரில், அறுவடைக்கு முந்தின வாரம், யாரோ கூப்பிட்டார்கள் என்று கருவிப் பெட்டியோடு பிக்கப்பில் கிளம்பினார். குவெயில் அவென்யூவும் இருநூற்று நாற்பதாம் தெருவும் சந்திக்கும் இடத்தில் விவசாயி கார்த் ஃபாஸ் ஓட்டிவந்த தானிய லாரி பக்கவாட்டில் வந்து இடித்தது. கர்ட் அங்கேயே இறந்துபோனார். பெயர்தான் அவென்யூ, தெரு என்றெல்லாம். இரண்டுமே சரளைக்கல் பாதைகள். நான்கு மூலையிலும் மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நின்றது. நின்று போகச் சொல்லும் பலகை எந்தப் பக்கமும் கிடையாது. இருவருமே வேகமாகப் போகவில்லை, இருவருமே குடித்திருக்கவில்லை, யார்மேலும் தவறில்லை என்று ஷெரிஃப் அலுவலகம் சொல்லிவிட்டது.

ரெனே அடுத்த வாரமே வேலைக்கு வந்துவிட்டாள். பக்கத்து அறையில் கணக்கு நடத்தும் ஜோலீன் வாசலிலேயே மறித்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? கிறிஸ்துமஸ் வரைக்கும் மாத்து ஆள் போடறேன்னு லிண்ட்கிரென் சொல்றாரு. வீட்ல இருடி."

"வீட்ல என்ன பண்றது?"

"அழு. தூங்கு. எதாவது பண்ணு."

"ரெண்டும் வரல" என்று சொல்லிவிட்டு ரெனே அறைக் கதவைத் திறந்தாள்.

உண்மையாகவே வரவில்லை. ஊர்க்காரர்கள் கொண்டுவந்து குவித்த, கறியும் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட கண்ணாடித் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தட்டுகளைக் கழுவி, அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து உரியவர்களிடம் சேர்த்தாள். காலையில் கோட்டை மாட்டும்போது, யாரோ ஒருவருடைய கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைப்பதுபோல்தான் இருந்தது. வகுப்பில் மட்டும் வாய் தானாகப் பேசியது. எந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், எந்த இடத்தில் கை தூக்குவார்கள் என்று உடம்புக்கே தெரிந்திருந்தது.

தலைமையாசிரியர் லிண்ட்கிரெனுக்கு வேறொரு கவலை. கார்த் ஃபாஸின் மகள் பிரென்னா, ரெனேயின் வகுப்பில்தான் இருந்தாள்.

"அந்தப் பொண்ணக் கம்ப்யூட்டர்ல படிக்க வெச்சுடலாம், ரெனே. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா..." அவர் மேசையிலிருந்த பேனாவை நகர்த்திவைத்தார். "உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

"இல்ல" என்றாள் ரெனே. பொய் சொல்லவில்லை. ஹீட்டர் பக்கத்து மேசையில் பிரென்னா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைப் பார்ப்பதுபோலத்தான் ரெனே அவளையும் பார்த்தாள்.

நவம்பரில் மசோதா எழுதும் பாடம் வந்தது. ஆளுக்கொன்று எழுதவேண்டும். எல்லா வருடமும் வருவதுதான் வந்தது. வகுப்பில் போனை அனுமதிக்கவேண்டும், மதியம் வெளியே போய்ச் சாப்பிட விடவேண்டும், பார்க்கிங்கில் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் வரிசை வேண்டும். அவற்றுக்கு நடுவே பிரென்னாவுடையது இருந்தது. குவெயில் அவென்யூவும் இருநூற்று நாற்பதாம் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஸ்டாப் பலகை வைக்கவேண்டும் என்று. காரணம் என்ற இடத்தில், "பயிர் உயர்ந்திருக்கும் மாதங்களில் எதிரே வருவது தெரிவதில்லை" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

ரெனே அதை ஆசிரியர் அறையில் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில், "இது மாநிலத்தின் வேலையா, கவுண்டியின் வேலையா? அதிகார வரம்பைக் குறிப்பிடு" என்று எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்தாள். ஜோலீன் எட்டிப்பார்த்தாள்.

"ரெனே! அதுக்கு மார்க் வேற குறைச்சியா?"

"அதிகார வரம்பு எழுதல."

ஜோலீன் காப்பியை எடுத்துக்கொண்டு போனாள்.

வகுப்பின் சபாநாயகன் டால்டன் ஹோக்ஸ்ட்ரா. குரலும் பெரிது, உடம்பும் பெரிது. மசோதாக்களைக் குழுவுக்குப் பிரித்த அன்று, மணி அடித்த பிறகும் போகாமல் மேசையருகே நின்றான்.

"மிஸஸ் வி, இந்த ஒண்ண அப்படியே குழுவுலயே புதைச்சிடலாமா? நீங்கதானே சொன்னீங்க, பாதி மசோதா அங்கதான் சாகும்னு..."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. காது நுனிவரை சிவந்துவிட்டது.

"விதிப்படி வந்திருக்கா?" என்று ரெனே கேட்டாள்.

"வந்திருக்கு. அவ வரம்பையும் திருத்திக் குடுத்துட்டா."

"அப்ப என்கிட்ட ஏன் கேக்கற? சபாநாயகர் நீ."

விவாதம் நடந்த அன்று ரெனே வழக்கம்போல் பின்வரிசையில், முட்டை வேகவைக்கும் டைமரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் யாரும் எழவில்லை. கடைசியில், வயலிலேயே வளர்ந்த கோல்பி எழுந்தான்.

"நான் எதிர்க்கறேன். மன்னிச்சுக்கோ பிரென். லோடு வண்டி அந்த மேட்டுல ஒரு தடவ நின்னா மறுபடி கிளப்பறது எவ்ளோ கஷ்டம்னு உனக்கே தெரியும். பலகை வேணாம். மூலைல சோளம் போடக்கூடாதுன்னு திருத்தம் கொண்டுவரேன்."

"அது யாரு நிலம்டா?" என்று ஒருத்தி கேட்டாள். "அதுல ஒரு மூல உங்க தாத்தாவோடது. அவர் விட்டுக்குடுப்பாரா?"

"எங்க தாத்தாவா? ஒரு கதிரக்கூட விடமாட்டாரு."

வகுப்பு சிரித்தது. உடனே எல்லோரும் பின்னால் திரும்பி ரெனேயைப் பார்த்தார்கள். சிரிப்பு அறுந்துபோனது.

"சபையில சிரிக்கலாம்" என்றாள் ரெனே. "அடுத்தது யாரு?"

பிரென்னா எழுந்தாள். கையில் தாள் எதுவும் இல்லை.

"எங்கப்பா இப்பல்லாம் அந்த வழியில போறதில்ல. கிடங்குக்குப் போறதுக்கு நெடுஞ்சாலைய சுத்திக்கிட்டுப் போறாரு. ஏன்னு கேட்டா ரோடு நல்லா இருக்குங்கறாரு. ராத்திரி சாப்பாட்டுல உக்காருவாரு, சாப்பிட மாட்டாரு. அவரு ஒண்ணும் வேகமா..."

டைமர் கணகணவென்று அடித்தது.

"நேரம் முடிஞ்சது" என்றாள் ரெனே.

ஹீட்டர் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிரென்னா நின்றபடியே இருந்தாள். உட்காரவா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. டால்டன் தொண்டையைச் செருமினான்.

"எனக்குப் பேச நேரம் இருக்குல்ல? அத அவளுக்குக் குடுக்கறேன். குடுக்கலாமா, மிஸஸ் வி?"

"விதியில இடமிருக்கு" என்று சொல்லி ரெனே டைமரைத் திருப்பிவைத்தாள்.

"அவரு வேகமா வரல" என்றாள் பிரென்னா. "மிஸ்டர் வோல்மரும் வேகமா வரல. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியல. அவ்ளோதான் சொல்ல வந்தேன்." டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்துவிட்டாள்.

கோல்பியின் திருத்தம் தோற்றது. மசோதா நிறைவேறியது. கோல்பியே ஆதரித்துத்தான் கை தூக்கினான். ரெனே முடிவைக் கரும்பலகையில் எழுதினாள். தன் பெயர், தன் கணவர் பெயர், அந்தப் பாதையின் பெயர் எல்லாமே பக்கத்து ஊர்ச் செய்தி மாதிரி காதில் விழுந்தன. இப்போது எனக்கு ஏதாவது ஆகவேண்டும் என்று நினைத்தாள். ஆகவில்லை. மணி அடித்தது.

பொதுக்கூட்டம் ஒன்றை நேரில் பார்த்துவருவது அந்தப் பாடத்தில் எப்போதும் உண்டு. அந்த வருடம் பிள்ளைகள், மாவட்டச் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் கவுண்டி வாரியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மசோதாவை மனுவாக மாற்றி முன்கூட்டியே அனுப்பியும் விட்டார்கள். டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பனி தூறிக்கொண்டிருக்க, ரெனே பள்ளி வேனை ஓட்டிக்கொண்டு, வாரியம் கூடும் நீதிமன்றக் கட்டிடத்துக்குப் போனாள். கூட்ட அறையில் மடக்கு நாற்காலிகள். எதிரே வாரிய உறுப்பினர்கள் மூவர். தலைவி கெண்ட்ராவும் ஒரு காலத்தில் ரெனேயின் வகுப்பில் இருந்தவள்தான். கடைசி வரிசையில், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு கார்த் ஃபாஸ் உட்கார்ந்திருந்தார். அவர் வருவது மகளுக்கே தெரியாது.

பிரென்னா மனுவைப் படித்தாள். சாலைப் பொறியாளர், அந்தப் பாதையில் போகும் வண்டிகள் குறைவு, பலகைக்கு வேண்டிய அளவு வராது என்று பொறுமையாக விளக்கினார். கெட்ட மனிதர் இல்லை. இப்படி இன்னும் எத்தனையோ மூலைகள் இருக்கின்றன, ஒன்றுக்கு வைத்தால் எல்லாவற்றுக்கும் கேட்பார்கள் என்றார். கெண்ட்ரா ரெனேயைப் பார்த்தாள்.

"மிஸஸ் வோல்மர், நீங்க எதாவது சொல்றீங்களா?"

அறையே திரும்பியது.

"இல்ல. நான் பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்தேன்."

"சரி. இத இப்போதைக்கு ஒத்திவைக்கறோம்."

"எந்தத் தேதிக்குங்க?" என்று பிரென்னா கேட்டாள். "தேதி சொல்லாம ஒத்திவெச்சா தள்ளுபடி பண்ண மாதிரிதானேங்க?"

கெண்ட்ரா லேசாகச் சிரித்தாள். தான் படித்ததும் அதே வகுப்பில் என்பது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். "மார்ச் முதல் கூட்டத்துக்கு" என்றாள். செயலாளர் குறித்துக்கொண்டார்.

பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், தாழ்வாரத்தில் கார்த் ஃபாஸ் வந்து நின்றார். தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"மிஸஸ் வோல்மர். உங்க வீட்டுக்கு வரணும்னு நினைச்சேன். வந்தேன். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

"தெரியும். வண்டிச் சத்தம் கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். நீங்க தட்டுவீங்கன்னு நின்னுட்டிருந்தேன்."

அவருடைய தாடை அசைந்தது. ரெனே சுவரில் தொங்கிய பழைய நீதிபதிகளின் படங்களைப் பார்த்தாள். இந்த மனிதரிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று தெரிந்தது.

"உங்க அறுப்பு மெஷினுக்கு கர்ட் பெல்ட் மாத்திக் குடுத்தாரே, போன கோடையில" என்றாள். "ஓடுதா?"

"ஓடுது" என்றார் கார்த். "நல்லா ஓடுது."

"சரி."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். போகும்போது மகளின் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்.

மார்ச்சில் வாரியம் அரைகுறையாக முடிவெடுத்தது. ஸ்டாப் பலகை கிடையாது, இரண்டு பக்கத்துக்கு மட்டும் 'வழி விடு' பலகை என்று. டால்டன் கோபத்தில் குதித்தான். "இதுக்கா இவ்ளோ பாடு பட்டோம்?" ரெனே, பெரும்பாலான சட்டங்கள் இப்படித்தான் வெளியே வரும் என்று சொல்லி, அதையே அன்றைய பாடமாக நடத்தினாள். பிரென்னா அதைக் குறிப்பெடுத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து திரும்பும்போது, ரெனே நினைத்துக்கூடப் பார்க்காமல் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். செப்டம்பருக்குப் பிறகு அங்கே போவது அதுதான் முதல் தடவை. நான்கு மூலையும் உழுது கறுப்பாகக் கிடந்தன. தானியக் கிடங்கு வரை, அதற்கு அப்பாலும் தெரிந்தது. யார் எங்கிருந்து வந்தாலும் வெகு தூரத்திலேயே தெரியும். புதுப் பலகையின் கம்பத்தடியில் தோண்டிப்போட்ட மண் இன்னும் ஈரமாக இருந்தது. இறங்கி, கதவைச் சாத்தி, பாதையோரம் நின்றாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். காற்று அடித்தது, தேவாலயத்துக்குப் போடும் மெல்லிய ஷூவுக்குள் கால் குளிர்ந்தது. அவ்வளவுதான்.

ஒரு பிக்கப் வந்தது. பலகை அருகே வேகத்தைக் குறைத்து, இருபுறமும் பார்த்துவிட்டுக் கடந்தது. ஓட்டியவர் யாரென்று தெரியவில்லை. இங்கே எல்லோரும் வணக்கம் சொல்வதுபோல், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினார். ரெனேயும் கையைத் தூக்கினாள்.

பிறகு வண்டியில் ஏறிக் கிளம்பினாள். மறுநாள் நீதிமன்றப் பாடம் தொடங்குகிறது. நீதிபதிக்குக் கறுப்பு அங்கி வேண்டும், போன வருடத்து அங்கியை யாரோ கிழித்துவிட்டார்கள். பாடகர் குழுவின் அங்கி ஒன்றை ஜோலீனிடம் கேட்கவேண்டும். நீலமாகத்தான் இருக்கும். பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.