மேனேஜரின் தண்ணீர்க் கிண்ணம்

துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் கடையின் பின்னறையில் ஒரு தையல் இயந்திரம். அதன் முன்னால் உட்கார்ந்து பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பதும் இடுப்பைத் தளர்த்துவதும்தான் அவள் வேலை. கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் வீடு திரும்பும்போதும் கழற்ற மறந்துவிடுவாள். கடைக்காரர் விளையாட்டாக டேப்பக்கா என்று கூப்பிட, தெருவே அதைப் பிடித்துக்கொண்டது.

அவள் கணவருக்கு முதலில் சர்க்கரை வந்தது, பிறகு கிட்னி கெட்டது, பிறகு டயாலிசிஸ். அந்த வருடங்களில் அவள் பாதி நர்ஸாகிவிட்டாள். ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்தால் கண் நேராக, கிட்னி எவ்வளவு கெட்டிருக்கிறதென்று காட்டும் கிரியாட்டினின் என்ற வரிக்குத்தான் போகும். தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கென்றே ஒரு குட்டி டம்ளரை ஒதுக்கி வைத்தாள். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்பார் அவர். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தனக்குத் தாகமெடுத்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று, தொண்டைச் சத்தம் கேட்காமல் குடிப்பாள். அவர் போய் ஒரு வருடம் ஆனபிறகும் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் குடித்தாள்.

அவர் விட்டுப்போனது ஒரு பழுப்புப் பூனை. தைக்க விரித்த துணியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தான் ஒரு துரும்பையும் அசைக்காமல் பிறர் வேலையை மேற்பார்வை பார்க்கும். "மேனேஜர் வந்துட்டாரு, எல்லாரும் ஒழுங்கா வேலை செய்யுங்க" என்பார் அவர். அதுவே அதன் பெயரானது.

அந்த மேனேஜருக்கும் சர்க்கரை வந்தது. மாடியில் குடியிருந்த நாத்தனார் கேள்விப்பட்டதும் இறங்கி வந்தாள்.

"எங்கண்ணன் சொத்து எதுவும் எழுதி வைக்கல. வியாதியை மட்டும் பூனை பேருக்கு எழுதி வச்சிட்டுப் போயிருக்கான்."

டேப்பக்கா சிரித்தாள். இன்சுலின் ஊசி போட அவளுக்குப் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பூனை கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. யாரையும் கேட்கவில்லை. தனக்குத்தான் தெரியுமே என்று நினைத்தாள். குட்டி டம்ளரை அலமாரியிலிருந்து எடுத்தாள். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். குளியலறை வாளிக்கு மூடி போட்டாள். மேனேஜர் ஈரத் தரையை நக்குவதைப் பார்த்தபோது தரையையும் துடைத்துவிட்டாள். கணவருக்குக் காட்டிய அதே கண்டிப்பு. அதற்கு அவள் அன்பு என்று பெயர் வைத்திருந்தாள், அது பொய்யுமில்லை.

பிறகு பூனையின் வாய் நாறத் தொடங்கியது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மென்றது, பாதியைக் கீழே போட்டது. சர்க்கரையும் ஊசிக்குக் கட்டுப்படவில்லை. கால்நடை மருத்துவர், பொறுமையாகப் பேசும் ஒரு பெண், வாயைத் திறந்து பார்த்து, இரண்டு பற்களைப் பிடுங்க வேண்டும் என்றார். ஈறில் சீழ் இருக்கும்வரை சர்க்கரை இறங்காது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் கிட்னி எப்படி இருக்கிறதென்று பார்க்க ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்.

முடிவு வந்த அன்று நாத்தனாரும் கூட வந்தாள், பூனைக் கூடையைத் தூக்க. டேப்பக்கா தாளை வாங்கினாள். கண் அந்தக் கிரியாட்டினின் வரிக்குப் போனது. இரண்டு புள்ளி ஆறு. கணவருக்கு இந்த எண் வந்த நாளில் அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பஸ்ஸுல போலாமா, நடந்தே போலாமா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது.

"ஆபரேஷன் வேண்டாம் டாக்டர்," என்றாள். "இருக்கிற வரைக்கும் வலி தெரியாம பாத்துக்கறேன்." நாத்தனார் பக்கம் திரும்பினாள். "கூடையைக் குடு, போலாம்."

"இருங்கம்மா. மனுஷங்களுக்கு இது பெரிய எண்தான். பூனைக்கு எப்பவுமே நம்மள விடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். இதுக்கும் கூடிருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம கணக்குல பயப்படற அளவுக்கு இல்ல." மருத்துவர் தாளின் கீழ்ப்பகுதியைக் காட்டினார். "இந்த ஒரு எண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது. இது சிறுநீரோட அடர்த்தி. கிட்னி சோர்ந்துபோச்சுன்னா தண்ணியைப் பிடிச்சு வைக்க முடியாது, சிறுநீர் நீர்த்துப் போகும். இவருக்குக் கெட்டியா இருக்கு. சர்க்கரை கொஞ்சம் கெட்டியாக்கும், அதைக் கழிச்சாலும் கெட்டிதான். அப்படின்னா கிட்னி வேலை செய்யுது. உடம்புலதான் தண்ணி இல்ல." அவர் பூனையின் பிடரித் தோலை மெல்லத் தூக்கி விட்டார். தோல் மெதுவாகத்தான் பழையபடி அமர்ந்தது. "நிறையக் குடிக்க வேண்டிய பூனை இது. எவ்வளவு குடிக்குது?"

"கட்டுப்பாட்டுலதான் வச்சிருக்கேன்," என்றாள் டேப்பக்கா. குரலில் சின்னப் பெருமைகூட இருந்தது. "டயாலிசிஸ்ல இருந்தப்ப எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்த மாதிரியே, அளந்துதான்."

எழுதிக்கொண்டிருந்த மருத்துவரின் பேனா நின்றது. நாத்தனார் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்குத் தண்ணி வெளியே போக வழியில்ல, அதனால அளந்தாங்க. அவருக்கு நீங்க செஞ்சது சரி. இதுக்கு நேர் எதிர். சர்க்கரை தண்ணியை வெளியே இழுத்துக்கிட்டே இருக்கு. உள்ள போறதை நிறுத்தினா ரத்தத்துல கழிவெல்லாம் தேங்கும், எண் ஏறும்."

டேப்பக்கா கழுத்து டேப்பைக் கையில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"அப்ப நான்தான் இந்த எண்ணை ஏத்தினேனா?"

"ஏத்தினது இறங்கவும் செய்யும். முதல்ல தோலுக்கடியில தண்ணி ஏத்தலாம். வீட்டுல கிண்ணம் காலியாகவே கூடாது. மறுபடி ரத்தம் எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

வெளியே வந்ததும் நாத்தனார் ஏதாவது குத்திச் சொல்வாள் என்று டேப்பக்கா காத்திருந்தாள். அண்ணன் தண்ணீருக்கு ஏங்கியதை அவள் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள். அந்த நாட்களில் ஒருமுறை, "கல்நெஞ்சு" என்று படியில் நின்று சொன்னவள். இப்போது கூடையை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டு, "மேனேஜர் கனம் குறைஞ்சிட்டாரு அண்ணி," என்றாள். அவ்வளவுதான்.

வீட்டில் டேப்பக்கா எடுத்த எடுப்பில் வாளி மூடியைக் கழற்றினாள். மூன்று இடங்களில் தண்ணீர் வைத்தாள். பல் வலிக்குமே என்று ஈர உணவைக் கூழாகக் கரைத்துக் கொடுத்தாள். அடுத்த பரிசோதனையில் ஒன்று புள்ளி எட்டு. முழுக்கச் சுத்தம் என்று மருத்துவர் சொல்லவில்லை. வயதான கிட்னி, கவனிக்க வேண்டியதுதான் என்றார். மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கினால் கிட்னிக்குப் போகிற ரத்தம் குறையும், அதனால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை டிரிப் ஏற்றி, அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே செய்வதாகச் சொன்னார். ஆபத்து இல்லாமல் இல்லை. சீழை அப்படியே விடுவதும் ஆபத்துதான். டேப்பக்கா கையெழுத்துப் போட்டாள்.

பற்களைப் பிடுங்கிய அன்று சாயங்காலம், வீட்டில் மேனேஜர் தள்ளாடியபடி கூடையிலிருந்து இறங்கினார். மீசை ஒரு பக்கம் ஒட்டிக் கிடந்தது. யாரையும் பார்க்காமல் நேரே கூடத்துக் கிண்ணத்துக்குப் போனார். நக் நக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம் அந்தச் சின்னக் கூடம் முழுக்கக் கேட்டது.

"ரெண்டு பல்லு போயும் அதிகாரம் குறையல பாருங்க," என்றாள் நாத்தனார்.

டேப்பக்கா சமையலறைக்குப் போனாள். குட்டி டம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள். கால் பழக்கத்தில் கதவை நோக்கித் திரும்பியது. நின்றாள். பிறகு கூடத்துக்கு வந்து, பூனையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சத்தம் வரும்படியே குடித்தாள். காலியான டம்ளரை நாத்தனார் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய், பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.