படகில் நெளிந்தேன், மகள் பயந்தாள்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் எனக்கு நின்றபடியே வேலை. போன மாதம் பழவேற்காடு ஏரியில், மச்சினனின் ஒடுக்கமான படகில் மகளை நடுவில் உட்காரவைத்து, முன்னால் அவனும் பின்னால் நானும் துடுப்பு போட்டோம். கம்பெனிக்குப் போகும் தடித்த ஜீன்ஸோடுதான் ஏறினேன். பலகை உறுத்தாமலிருக்க, கம்பெனியில் பேக்கிங்கிற்கு வைக்கும் ஸ்பாஞ்சை மடித்துப் போட்டிருந்தேன்.

துடுப்பிலிருந்து சொட்டிய உப்புத்தண்ணீரில் ஸ்பாஞ்ச் ஊறியது. ஈர ஜீன்ஸின் தையல் தொடையிடுக்கை அறுத்து எரியவைத்தது. அந்த இடத்தை மச்சினனிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், நெளிந்துகொண்டே இருந்தேன்.

"இன்னா மாமா, ஆட்டிக்கினே கீற? பாப்பா குந்திக்கினு கீது," என்றான்.

"ஒண்ணுமில்லடா," என்று ஒரு பக்கமாக எழும்பினேன். ஸ்பாஞ்ச் வழுக்கியது. படகு சாய்ந்து, தண்ணீர் மகளின் மடியில் கொட்டியது. மச்சினன் சட்டென்று எதிர்ப்பக்கம் சாய்ந்து படகை நிமிர்த்தினான். மகள் அழவில்லை. என் முழங்காலைப் பிடித்தவள் கரை வரும்வரை விடவில்லை.

இப்போதெல்லாம் தையல் உறுத்தாத, சீக்கிரம் காயும் டிரவுசர்தான் போடுகிறேன். தொடையில் தேங்காயெண்ணெய் தடவி, பலகையில் மெல்லிய ரப்பர் விரிப்பைக் கட்டிவிடுகிறேன். எரிய ஆரம்பித்தால் மணல்திட்டில் நிறுத்தச் சொல்கிறேன். ஆனாலும் படகு நகருமுன் மகள் திரும்பிப் பார்த்துக் கேட்கிறாள்:

"நைனா, எரிஞ்சா சொல்லிடுவியா?"