நல்ல தூக்கம்

அவருடைய சொந்தப் பெயர் அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் நினைவில்லை. 'நலம்' என்றால்தான் தெரியும். பிறந்த சில நாளிலேயே கிருமி தாக்கி, மூளைக்காய்ச்சல்வரை போய்ப் பிழைத்து வீடு திரும்பிய குழந்தைகளைப் போனில் விசாரிப்பது அவர் வேலை. பதினொரு வருஷமாக அதை அவர் செய்த லட்சணம் இருக்கிறதே, அடடா!

படிவத்தில் பதினாறு கேள்விகள். முகம் பார்த்துச் சிரிக்கிறதா, கழுத்து நின்றதா, சத்தம் கேட்டால் திரும்புகிறதா என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியவை. நம்மவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பால் குடிக்கிறதா? ஆமாம் என்றதும் மிச்சம் பதினைந்துக்கும் 'நலம்' என்று கிறுக்கிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். போனை எடுக்காதவர்கள் வீட்டுக் குழந்தையும் நலம்தான். சந்தேகமிருந்தால் உடனே தன்னிடம் அனுப்பச் சொல்லி, காதுப் பரிசோதனை செய்கிற பெண் தலைபாடாக அடித்துக்கொண்டாள். நல்லா இருக்கிற பிள்ளைகளை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று அவளுக்கே புத்தி சொன்னார் மனுஷன்.

தையல்காரி ஒருத்தியின் மகள் மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்டவள். ஐந்தாம் மாதம் போன் போட்டபோது, மிஷின் பக்கத்திலேயே கடகடவென்று ஓடினாலும் குழந்தை அசையாமல் தூங்குகிறது, பயமாக இருக்கிறது என்றாள் தாய்.

"சமத்துக் குழந்தைம்மா. நீ குடுத்து வச்சவ" என்றார். படிவத்தின் ஓரத்தில் 'நல்ல தூக்கம்' என்றும் எழுதினார். பதினொரு வருஷத்தில் சொந்தமாக அவர் எழுதிய ஒரே குறிப்பு அதுதான்.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்று தையல்காரி மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காய்ச்சலோடு கேட்கும் சக்தியும் போயிருந்தது. அப்போதே வந்திருந்தால் காதுக்குள்ளே கேட்கும் கருவி பொருத்தியிருக்கலாம், இப்போது எலும்பு வளர்ந்து காதின் உள்பக்கம் அடைத்துவிட்டது என்று காதுக்காரப் பெண் சொல்லிவிட்டாள்.

அங்கிருந்து மகளோடு நேரே அவர் மேஜைக்கு வந்தாள் தாய். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. வெட்கமில்லாத பழக்கம், வாய் தானாகக் கேட்டது: பால் குடிக்கிறாளா?

"குடிக்கிறா சார். நீங்க கேட்டது எல்லாம் நல்லா செய்யிறா" என்றாள். "கேக்காத ஒண்ணு இருக்கு. அவளைக் கூப்பிடுங்க."

குழந்தை அவருக்கு முதுகைக் காட்டி, தரையில் உட்கார்ந்து, அவருடைய ரப்பர் ஸ்டாம்பை உருட்டிக்கொண்டிருந்தது. "பாப்பா" என்றார். இன்னும் உரக்கக் கூப்பிட்டார். பிறகு பதிவேட்டை எடுத்து மேஜையில் ஓங்கி அடித்தார்.

அறையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவள் மட்டும் பார்க்கவில்லை.