வீப்கேயின் மூன்றாம் தேர்வு

ஒரு விஷயம் புரிந்ததா என்பதோடு, எப்போது புரிந்தது என்பதையும் சேர்த்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டுமா? வீப்கே ஹார்ம்சனை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறேன்.

வட ஜெர்மனியில் எம்டன் துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் சில வருடம் லேத் ஓட்டிவிட்டு, இருபத்தைந்து வயதில் இயந்திரப் பொறியியல் படிக்க ஹனோவருக்கு வந்தவள். ஒரே வாடகை வீட்டில் எனக்கு அடுத்த அறை அவளுக்கு. அபாரமான அறிவு என்று எதையும் அவளிடம் நான் பார்க்கவில்லை. பிடிவாதம் இருந்தது. அதையும் வெகுகாலம் தப்பான இடத்தில் செலவழித்தாள்.

முதல் வருடத்தில் நுண்கணிதம். வாராவாரம் பயிற்சித் தாள் வரும். இரண்டு பேர் சேர்ந்து போட்டு ஒரே தாளாகக் கொடுக்க வேண்டும். பாதி மார்க்காவது வாங்கினால்தான் தேர்வு எழுத விடுவார்கள். அவளுக்கு ஜோடியாக அமைந்தவன் தீலோ பிராண்டிஸ். பள்ளியிலிருந்து நேராக வந்தவன், கணக்கில் சூரன்.

"நான் போட்டுடறேன், நீ சுத்தமா எழுதிடு. உன் கையெழுத்தப் பாத்தா தப்பக்கூட சரின்னு போட்டுடுவாங்க" என்றான் முதல் வாரமே.

இங்கே பல ஜோடிகள் செய்வதுதான் இது. ஒரு பருவம் முழுக்க அவள் அழகாக எழுதினாள், தாள்கள் நல்ல மார்க்கோடு திரும்பி வந்தன. விரல்களுக்குப் பழகிப்போன குறிகளைத் தனக்குத் தெரிந்தவை என்று நம்பிவிட்டாள். தேர்வில் வெற்றுத்தாளைப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. தீலோ ஒன்று வாங்கினான், அவள் ஐந்து. இங்கே ஒன்றுதான் உச்சம். நாலு வாங்கினால் பிழைத்தோம், ஐந்து என்றால் போச்சு.

இரண்டாம் முறை பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். கேள்விகள் வேறு மாதிரி வந்தன. மறுபடியும் ஐந்து. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அண்ணன் தேநீரில் கற்கண்டைப் போட்டுக்கொண்டே, "என்ன இன்ஜினியரம்மா, அந்த எக்ஸ் இன்னும் கெடைக்கலியா?" என்று கேட்டானாம். அதை என்னிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவதுதான் கடைசி. அதிலும் தவறினால் நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் படிப்பைத் தொட முடியாது. தீலோ உதவிக்கு வந்தான், வேண்டாம் என்றாள். எல்லை, அதாவது லிமிட், என்ற முதல் பாடத்திலிருந்து தனியாகத் தொடங்கினாள். பல வாரம் ஒன்றும் நகரவில்லை. ஒரு நாள் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இந்த எல்லைங்கறது லேத் வேலதான். எவ்வளவு பிசகலாம்னு வேலை குடுக்கறவன் சொல்லுவான். அதுக்குள்ள நிக்க எவ்வளவு கிட்ட வைக்கணும்னு நான் சொல்லணும். அவன் எவ்வளவு கொறச்சாலும் எங்கிட்ட பதில் இருக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அதற்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

மூன்றாம் தேர்வில் ஒவ்வொரு கணக்கையும் அடியிலிருந்து யோசித்துப் போட்டாள். போட்டதெல்லாம் சரி. ஆனால் பாதிக் கணக்குகளைத் தொடவே நேரமில்லை. மிகக் கொஞ்சத்தில் தவறினாள்.

அப்படித் தவறுகிறவர்களைக் கடைசியாக ஒருமுறை வாய்மொழியாகக் கேட்பார்கள். அவள் விரும்பியதால் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர் ராடெமாகர் எல்லையின் வரையறையைக் கேட்டார். அவள் பலகையில் எழுதினாள். அது எங்கே உடையும் என்பதற்கும், யாரும் கேட்காமலே, ஓர் உதாரணம் போட்டுக் காட்டினாள்.

இங்கே வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கைதட்ட மாட்டார்கள்; விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். ராடெமாகர் தன் மேசையை அப்படி இரண்டு முறை தட்டினார்.

"இந்தப் பதிலுக்கு ஒண்ணு போடணும், மிஸ் ஹார்ம்சன். ஆனா இந்தத் தேர்வுல நாலுதான் போட முடியும். விதி அப்படி."

"தெரியும்" என்றாள்.

வெளியே தீலோ பியர் பாட்டிலோடு காத்திருந்தான். இப்போது அவன்தான் ராடெமாகரிடம் முதல் வருடத்தாரின் பயிற்சித் தாள்களைத் திருத்துகிறான். "நாலுன்னாலும் பாஸ்தான், குடி" என்றான். ஒரு மடக்குக் குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய்ப் படிப்பிலிருந்து தன் பெயரை நீக்கச் சொன்னாள். "எனக்குப் புரிஞ்சதுக்கு நாலுன்னு சொல்லிக்கறதவிட, தவறிட்டேன்னே சொல்லிக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பழைய பட்டறைக்கே திரும்பினாள். மூன்றாம் முறையும் தவறிவிட்டதாகத்தான் எம்டனில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.