'து' கேக்கல

என் தம்பி இன்னிக்கு உயிரோட இருக்கான்னா, அதுக்குக் காரணம் நான் என் வீட்டுக்காரர் பேச்சைக் கேக்காததுதான். இப்படிச் சொன்னா அவருக்குக் கோவம் வருது. வரட்டும்.

அவருக்கு ஏவுகணைப் படையில வேலை. ஊருக்கு வெளியில, மேட்டுல, மூணு லாரி நிக்கும். ஒண்ணுல ரேடார் சுத்தும். ஒண்ணுல ஏவுகணைக் குழாய்ங்க வானத்தைப் பார்த்து நிக்கும். மூணாவது, ஜன்னலே இல்லாத ஒரு கேபின். நாப்பது அம்பது கிலோமீட்டருக்குள்ள எந்த விமானம் வந்தாலும் அங்க திரையில புள்ளியாத் தெரியும். அந்தக் கேபின்ல பட்டன்கிட்ட உக்கார்றவர்தான் எங்க வீட்டு மகராசன்.

வேலையில எப்படியோ, வீட்டுல இவரால ஒரே ரோதனை. எதைச் சொன்னாலும் உத்தரவு வாங்கின மாதிரி திருப்பிச் சொல்லுவார். "பால் வாங்கிட்டு வாங்க"ன்னா, "பால் வாங்கிட்டு வரணும், சரி"ம்பார். அப்படிச் சொல்லிட்டுப் போறவர் பாலோட வந்தாலாவது பரவாயில்ல.

இது போதாதுன்னு புதுசா ஒரு சட்டம் போட்டார். வீட்டுல யாரும் 'சுடு'ங்கற வார்த்தையையே சொல்லக் கூடாதாம். ஏவுகணையை விடறதுக்கு 'ஏவு'ன்னுதான் புத்தகத்துல இருக்கு. ஆனா அவங்க கேப்டன் பீரங்கிப் படையில இருந்து வந்தவர், அவர் வாயில 'சுடு'ன்னுதான் வரும்.

"அதைக் கேட்டா என் விரல் தானாப் போகணும். காபிக்கும் வெந்நீருக்கும் நீ அதையே சொன்னா, காது மரத்துப் போயிடும்"ன்னார்.

"அப்போ காபி சுட்டா என்னன்னு சொல்றது?"

"வெப்பமா இருக்குன்னு சொல்லு."

நான் என்ன பள்ளிக்கூடத்துல பாடமா நடத்தறேன்? வேணும்னே சொன்னேன். காபி சுடுது, இஸ்திரிப் பெட்டி சுடுது, மாடிப்படி சுடுது. முதல்ல எல்லாம் அவர் விரல் துடிக்கும், அப்புறம் முறைப்பார். போகப் போக விரல் அடங்கிடுச்சு, முறைப்பு மட்டும் மிச்சம்.

போன வாரம் ஒரு மத்தியானம். எல்லையில பதட்டம், எல்லாரும் உஷாரா இருந்த நேரம். திரையில ஒரு புள்ளி வந்துச்சு. 'நீ நம்ம ஆளா'ன்னு ரேடார் கேட்டா, நம்ம விமானத்துல இருக்கற பெட்டி தானாவே பதில் சொல்லும். இது வாயே திறக்கல. மேலிடத்துல கேட்டா அவங்களும் கையை விரிச்சிட்டாங்க. ரேடார் லாரியில இருந்த கேப்டன், ஒரு கையில மைக்கை அழுத்திக்கிட்டே, அங்க கொண்டு போகவே கூடாத டீயை வாயில வெச்சார். இவர் ஹெட்போன்ல "சுடு"ன்னு வந்துச்சு. 'து' வரதுக்குள்ள லைன் கட்.

இவர் விரல் பட்டன் மேல போயிடுச்சு. ஆனா அழுத்தல. "திரும்பச் சொல்லுங்க சார்"ன்னு கேட்டார்.

"டீயைச் சொன்னேன்யா, நாக்கு வெந்துடுச்சு"ன்னார் கேப்டன்.

கொஞ்ச நேரத்துல மேலிடத்துல இருந்து தகவல் வந்துச்சு. அது நம்ம சரக்கு விமானம்தான், பெட்டி பழுது. அந்த விமானத்துல மெக்கானிக்கா இருக்கறவன் என் தம்பி. லீவு போட்டுட்டு, அதுலயே ஏறி எங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தான்.

சாயந்திரம் இவர் இதைச் சொன்னப்போ முகத்துல ரத்தமே இல்ல. "ஏன் அழுத்தல?"ன்னு கேட்டேன்.

"தெரியல. உன் குரல்தான் ஞாபகம் வந்துச்சு. ஏதோ காபி சுடுதுபோலன்னு தோணுச்சு."

நான் மட்டும் சொன்ன பேச்சைக் கேக்கற பொண்டாட்டியா இருந்திருந்தா? ஒரு டீயை ஆத்திக் குடிக்கத் தெரியாத ஆளை நம்பி வானத்தைக் குடுத்து வெச்சிருக்காங்களே, எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்ல.

தம்பிகிட்ட ஒண்ணும் சொல்லல. மறுநாள் சாப்பிட உக்கார்ந்தான். அவன் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னதுல சூப் கிண்ணத்தைக் குடுக்க மறந்துட்டேன், ஆறிப் போச்சு.

"அக்கா, சூப் சுடவே இல்லையே"ன்னான்.

அந்த வார்த்தைக்கு எப்பவும் முறைக்கற மனுஷன் அன்னிக்கு முறைக்கல. என் கையில இருந்த கரண்டியை வாங்கினார், அவன் கிண்ணத்தை எடுத்துக்கிட்டார்.

"சூப் சுடல, சரி"ன்னு சொல்லிட்டு, போய் அடுப்பைப் பத்த வெச்சார்.